வாசலில் விட்ட செருப்பு

கூட்டம் நடக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற கூட்டம். யார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதால் போர்டு கிடையாது. போனில் பேசியவர், "இரும்புலியூர்ல ஸ்கூலும்மா, ஞாயித்துக்கிழமை காலையில. கேட்டுக்கிட்டே வந்துடுங்க" என்றார். எதைக் கேட்டுக்கொண்டு வருவது? ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

முந்தின வாரமே சொல்லிவிட்டேன். இந்தக் கூட்டத்தில் கடைசிவரை உட்காரவேண்டும். பாதியில் எழுந்து போனால் அன்றைக்கே மகளை அழைத்துக்கொண்டு குன்றத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். கோபத்தில் சொன்னதில்லை. துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன், அதை அவரும் பார்த்தார். தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, "ஊதுங்க" என்று சொல்லி, முகர்ந்து பார்த்து உள்ளே விடுகிற வேலை எனக்கு அலுத்துவிட்டது. டிராஃபிக் போலீஸுக்காவது டியூட்டி முடிகிற நேரம் என்று ஒன்று உண்டு.

பள்ளிக்கூட வாட்ச்மேனிடம், "மீட்டிங்..." என்று முனகினேன்.

"எந்த மீட்டிங்க்கா? சீட்டு மீட்டிங்கா, குடிய வுட்டவங்க மீட்டிங்கா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். என் கணவர் சட்டென்று திரும்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசி ரூம் சார். செருப்ப வெளிய வுட்டுட்டு போங்க."

அறை வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார். என் கணவரை உள்ளே விட்டு, என்னை மட்டும் நிறுத்தினார். "குடிக்கிற பழக்கம் இருக்கறவங்க மட்டும்தாம்மா உள்ள. நீங்க வெளிய இருங்க." கதவு மூடியது. இத்தனை வருஷம் காவல் காத்தவளை வெளியே நிறுத்திவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்புகள். அவருடையது ஓரத்தில் கிடந்தது. பழுப்பு நிறம், இடது வாரில் நானே வெள்ளை நூலில் போட்ட தையல். அது அங்கே இருக்கும்வரை அவர் உள்ளே இருக்கிறார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். கூட்டமோ அதற்குப் பிறகும் நடக்கும். இந்த நேரத்தை யோசித்து வைத்த புண்ணியவானை மனசுக்குள் திட்டினேன். பன்னிரண்டை நெருங்கும்போது மகள் போன் செய்தாள். "அப்பா உள்ள இருக்காராம்மா?" சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் மதில் பக்கம் போய்ப் பேசினேன். "இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் ஓரத்தில் செருப்பு இல்லை.

பாதியிலேயே கிளம்பிவிட்டாரா? கதவைத் தட்டிக் கேட்கலாம். ஒருவேளை அவர் உள்ளேயே இருந்து, பெண்டாட்டி வேவு பார்க்கிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பி நேரே கடைக்குப் போனேன்.

ஷட்டர் அப்போதுதான் ஏறியிருந்தது. வரிசையில் நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் இல்லை. பக்கத்து டீக்கடையில் ஒருவர் பெரிய பிளாஸ்க்கில் டீ பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காலில் பழுப்புச் செருப்பு, வெள்ளைத் தையல்.

"இது என் வீட்டுக்காரர் செருப்பு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "அய்யய்யோ, மாத்தி போட்டுகினு வந்துட்டேன்க்கா. என்னிதும் இதே கலரு. மீட்டிங்ல பன்னெண்டு மணி ஆனா பாதி பேருக்கு கை நடுங்கும். அந்த நேரத்துக்கு டீ குடுத்தா உக்காந்துடுவாங்க. டீ என் வேலை. அதான் அவசரத்துல..."

"அவர் உள்ள இருக்காரா?"

"இன்னிக்கு புதுசா வந்தவருதான? நான் வரும்போது இருந்தாரு. இப்ப இன்னான்னு தெர்ல." செருப்பைக் கழற்றி என் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்தார். "நீ போக்கா, நான் பின்னாலயே வரேன்."

திரும்பி வந்தபோது பள்ளிக்கூட கேட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தார் என் கணவர். சிமெண்டுத் தரை கொதித்திருக்கும். முகம் வெளிறியிருந்தது.

"வண்டி சத்தம் கேட்டுச்சு. நம்ம வண்டின்னு தெரிஞ்சுது. வெளிய வந்தா நீ இல்ல, செருப்பும் இல்ல. குன்றத்தூர் போயிட்டன்னு நினைச்சேன். எங்க போன?"

பல வருஷமாக நான் அவரைக் கேட்ட கேள்வி. அவர் சொல்கிற பதிலே என் வாயிலும் வந்தது.

"டீ குடிக்கப் போனேன்."

அவர் ஸ்கூட்டரில் கிடந்த செருப்பைப் பார்த்தார். நான் வந்த திசையைப் பார்த்தார். அந்த ரோட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்தில் வந்து, "ஊது பாக்கலாம்" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குள் டீக்காரர் வெறுங்காலோடு வேகமாக வந்து பிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தார். "புட்ச்சுக்கோ சார், எல்லாரும் காத்துகினு இருப்பாங்க." என் கணவர் ஒரு நிமிஷம் பிளாஸ்க்கைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே திரும்பிப் போனார். கதவு மூடியது.

செருப்பை எடுத்துப்போய் அறை வாசலில் வைத்தேன். பிறகு நிஜமாகவே டீ குடிக்கப் போனேன். சத்தம் கேட்டு எழுந்து வந்துவிடக்கூடாது என்று, ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே போனேன்.