மாமாவுக்குப் பதில் நான் கொடுத்த ரத்தம்

அக்காவின் கணவருக்கு, அதாவது என் மாமாவுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை காமாலை வரும். கீழாநெல்லியை அரைத்துக் குடித்து எழுந்துவிடுவார். மூன்றாம் முறை வந்தபோது அக்கா விடவில்லை, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று முதலில் ரத்தத்தில் பார்ப்போம், அது சரியில்லை என்றால் விலாவில் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுப்போம் என்றார் டாக்டர்.

பாம்பை வாலைப் பிடித்து வீசுகிற மனிதர் மாமா. ஊசி என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒனக்கு ஒரு நோயும் இல்ல மாப்ள. எனக்குப் பதிலா நீ ரத்தம் குடுத்துடு லா."

எங்கள் ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில் இது பெரிய காரியமில்லை. ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவருடைய மரங்களிலும் அடுத்தவர் பால் வெட்டிவிடுவார். பால் வந்து சேர்ந்தால் போதும், வேலை வாங்கும் மண்டோர் கேட்கமாட்டார். ரத்தத்தையும் அப்படித்தான் நினைத்தோம், இரண்டு முட்டாள்களும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த அவசரகாலம் அது. தோட்டத்து வேலி வாசலில் அடையாளக் கார்டைப் பார்த்து, அவர்களுக்குக் கொடுக்க மடியில் அரிசி இருக்கிறதா என்று தடவிய பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆஸ்பத்திரியிலோ ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துபோய்க் கையை நீட்டினேன்.

அடுத்த வாரம் நான் பக்கத்தில் நிற்க, டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: "ரத்தம் சரியில்லை. ஊசி விட்டுத்தான் பார்க்க வேண்டும்."

ஒரு தலைவலிகூட வந்து படுத்தவனில்லை நான்.

மாமா வாயைத் திறக்காமல் வெளியே வந்திருக்கலாம். ஆனால் கைகூப்பினார்.

"ஐயா, அது என் ரத்தம் இல்லைங்க, இவன் ரத்தம். நான்தான் குடுக்கச் சொன்னேன். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, இவனப் பாருங்க. இன்னும் கல்யாணம்கூட ஆகல."

டாக்டர் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. மாமா அசையவில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

அவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அதுவும் சரியில்லை. ஊசிக்கு ஒரே நாளில் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். கட்டிலைப் பார்த்ததும் நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன். மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தி, சட்டையைக் கழற்றினார்.

"மொதல்ல என்னைக் குத்துங்க ஐயா. இவன் பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

பித்தானை அவிழ்க்கும்போதே அவர் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன்.