பொய் சொன்ன சென்சார்

கார் கறுப்பாகப் புகைந்தது, ஏற்றத்தில் நின்றது. நாற்பது வருடம் வண்டிக்கடியில் கிடந்தவன் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் வண்டியை நம்பலாம், கொண்டுவருகிறவனை நம்பக்கூடாது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

புதுசு

செல்வின் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து வாங்கிய கார். சாதாரணப் பெட்ரோலிலும் ஓடும், எத்தனால் அதிகம் கலந்ததிலும் ஓடும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்ல, பெட்ரோல் குழாயில் ஒரு சென்சார். எத்தனால் கூடினால் கூடுதலாகக் குடிக்க வேண்டும்; அது தாறுமாறாகக் கூட்டிச் சொல்ல, என்ஜின் பெட்ரோலை மொண்டு குடித்தது.

வெள்ளிக்கிழமை செல்வினுக்கு விமானம். அதன்பிறகு அவன் அம்மாவை வாரம் மூன்று நாள் மார்த்தாண்டத்துக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு இந்தக் கார்தான் கதி. "என்னமாவது கை வச்சியா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம்.

"நான் தொட்டதே இல்ல ஆசானே. காரு புதுசாக்கும், ஒங்களுக்க படிப்புதான் பழசு."

மாற்றிப் பார்த்தது

ஸ்கேனர் சென்சார் கோளாறு என்றது. கழற்றினேன். சென்சாரில் மாட்டும் பிளக்கின் பின்னால், வயர் நுழையுமிடத்தில் ரப்பர் பூசியிருந்தது. கம்பெனி வேலை என்று மெச்சிக்கொண்டேன். அறிவு அவ்வளவுதான். புது சென்சார் வர நாலு நாள். மாட்டினால் அதே புகை. டாங்கைக் காலிசெய்து வேறு பெட்ரோல் ஊற்றினேன். அதே புகை. எலக்ட்ரீஷியன் ஏசுதாஸ் சாயாவை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"இனி ஓனரையும் மாத்திப் பாத்திருவோம், ஆசானே."

வியாழக்கிழமை

செல்வினோடு ஸ்டெல்லா வந்தாள். திருவட்டாறு பக்கம் வீட்டு ரப்பர் மரங்களில் தானே பால் வெட்டுகிறவள். பானட்டுக்குள் குனிந்தாள். "ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? தள்ளி நில்லு" என்றான் செல்வின். அவள் நகரவில்லை. சிரட்டையில் காய்ந்த பாலை உரிக்கிற மாதிரி நகத்தால் ஒரே இழுப்பு. பிளக்கிலிருந்த ரப்பர் முழுசாக வந்தது. உள்ளே செம்பு வயர் பச்சைபிடித்து அரித்துக் கிடந்தது.

"இது நம்ம கேனில இருந்த பாலுல்லா?" என்றாள். செல்வின் ஒத்துக்கொண்டான். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கத் தடவினானாம். பால் உறையாமலிருக்க அதில் அமோனியா கலப்பார்கள். அது செம்பைத் தின்னும். வயரையும் பிளக்கையும் மாற்றினேன், புகை நின்றது. சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டெல்லா புருஷனிடம் சொன்னாள்:

"காருக்கு ரப்பரு டயரில கெடந்தாப் போதும்."

ஒரு மெக்கானிக்கும் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு ஸ்கேனரும் சேர்ந்து ஒரு வாரம் முழித்த கோளாறை ஒற்றை நகத்தில் தீர்த்துவிட்டுப் போனவள், ரப்பர் வெட்டுகிற ஸ்டெல்லா.