கோழிக் கழுத்து ஒப்பந்தம்

மருதமுனையில் கைத்தறிச் சாரம், அதாவது லுங்கி, விற்கும் முகம்மது தம்பிக்குச் சொந்தக் கடை உண்டு. அதில் அவர் இருப்பதுதான் குறைவு. இலங்கை ஜனாதிபதியின் வெளிநாட்டுக் கொள்கையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. அதை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் யாரும் பறிக்கவுமில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஸஹீதின் தேத்தண்ணிக் கடையில், பாய்லருக்குப் பக்கத்திலுள்ள கைப்பிடிக் கதிரையில் அவர் வந்து அமர்வார். மற்றவர்கள் எதிரே நீளப் பலகை வாங்கில். ஜனாதிபதி ஏன் முதலில் டெல்லிக்குப் போனார், பெய்ஜிங்குக்கு ஏன் பிறகு போனார் என்பதையெல்லாம், கூடப் போய்ப் பெட்டி தூக்கியவர் போல விளக்குவார்.

"சின்ன நாடு ஒரு பக்கமும் சாயப்படாது. எல்லாருக்கும் ஸலாம் சொல்லணும், ஒருத்தர்ர மடியிலயும் இரிக்கப்படாது" என்று முடிப்பார். வாங்கு தலையாட்டும்.

இந்த நிலையில்தான் முர்ஷித் கத்தாரிலிருந்து திரும்பி வந்தான். அங்கே ஏதோ ஒரு தூதரகத்தில் வாகனம் ஓட்டியவன். வாங்கின் ஓர் ஓரத்தில் இருந்துகொண்டு, "நான் தூதுவர ஏத்திட்டுப் போகக்குள்ள..." என்று அவன் தொடங்கினால் போதும், தலைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பிவிடும். கதிரைக்குத் தெரிந்தது பிடரிகள் மட்டுமே.

முகம்மது தம்பிக்கு வயிறு எரிந்தது. வாயு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துப் பார்த்தார். முர்ஷித் வராத நாளில் அந்த வாயுவும் வரவில்லை.

"வண்டி ஓட்டினவனுக்கு ரோட்டுத்தான் தெரியும். பின்சீட்டுல நடக்கிறது எப்பிடித் தெரியும் தம்பி?" என்று ஒரு நாள் மடக்கினார்.

"கண்ணாடில மொகம் தெரியும் காக்கா" என்று அண்ணனை அழைக்கும் மரியாதையோடு சொன்னான் முர்ஷித்.

வாங்கு சிரித்தது. ஸஹீதும் சிரித்தான். அன்றே முகம்மது தம்பி கடையிலுள்ள எல்லோருடனும் உறவை முறித்துக்கொண்டார். கதிரையை மட்டும் விடவில்லை. தினமும் வந்து அதில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்.

ஸஹீதின் மகள் நஸ்லாவின் கலியாண விருந்து வந்தது. ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் சாப்பாடு. வாங்கு முழுவதும் முர்ஷிதோடு சேர்ந்து ஆறு பேராக அமர்ந்துவிட்டது. யாராவது கூப்பிடுவார்கள் என்று முகம்மது தம்பி நெடுநேரம் கை கழுவினார்.

பரிமாறுகிறவன் வந்து, "எந்தச் சஹன் காக்கா?" என்று கேட்டான்.

"நான் ஒரு பக்கமும் இல்ல."

"அப்ப சோறும் இல்ல காக்கா. ஆள் சேர்ந்தாத்தான் சஹன் வரும்."

அணிசேராக் கொள்கைக்கு இப்படியொரு ஓட்டை இருப்பதை அவர் அதுவரை ஆராய்ந்ததில்லை.

"இஞ்ச வாங்க காக்கா, ஒதுங்கி இரிப்பம்" என்றான் முர்ஷித். "மூத்தவர் நீங்கதான். கோழியப் பங்கு வைங்க."

அதிகாரம் கைக்கு வந்துவிட்டது. முகம்மது தம்பி பிஸ்மி சொல்லி, தன் ராஜதந்திரம் முழுவதையும் அந்தக் கோழியின் மேல் செலுத்தினார். காலும் நெஞ்சும் நண்பர்களுக்குப் போயின. கழுத்து, மிகுந்த மரியாதையுடன், முர்ஷிதுக்குப் போனது. பங்கு முடிந்து கையை எடுத்தபோது அவர் முன்னால் வெறும் சோறு. பழக்கத்தில் ஆறு பங்குதான் வைத்திருந்தார். ஏழாவது ஆள் தான் என்பது, முர்ஷித் மேலிருந்த கவனத்தில் மறந்தேபோய்விட்டது.

சஹன் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. முர்ஷித் அந்தக் கழுத்தை எடுத்து அவர் பக்கம் வைத்தான்.

"எடுங்க காக்கா. ஒரு சின்ன நிபந்தனை. நாளைக்கு ஒரு நாள் அந்தக் கதிரயில நான் இரிக்கணும்."

பல நாடுகள் இதைவிட மோசமான உதவிகளைப் பெற்றிருக்கின்றன என்று தன்னையே தேற்றிக்கொண்டு முகம்மது தம்பி கழுத்தைச் சப்பினார்.

மறுநாள் முர்ஷித் கதிரையில் சாய்ந்து, "நான் தூதுவர ஏத்திட்டுப் போகக்குள்ள" என்று தொடங்கினான். வாங்கின் ஓரத்திலிருந்து முகம்மது தம்பி மெல்லச் செருமினார்.

"இவர்ர கதைய விடுங்க. அமெரிக்காக்காரன் வரி போட்டானே, ஏன் போட்டான் தெரியுமா?"

தலைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின. கதிரைக்குத் தெரிந்தது பிடரிகள் மட்டுமே.

"என்ன தம்பி, கண்ணாடில மொகம் தெரியுதா?" என்று கேட்டார் அவர்.

அதன்பிறகு அவர் அந்தக் கதிரையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.