அஞ்சலையின் கையெழுத்தும் நான் சொன்ன யோசனையும்

1. ஆபீஸில்

"இந்தம்மா இருளர்னு நான் எப்படி நம்புறது? கையெழுத்து இவ்ளோ நல்லா போடுறாங்களே!"

விசாரணை அதிகாரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எதிரே நின்ற அஞ்சலை சிரிக்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. ஆறு வருஷம் உட்கார்ந்து அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். திண்டிவனம் வட்டாரத்தில் முதியோர் கல்வி மையங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அப்போது என் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். அஞ்சலையின் மகள் ரோஜாவுக்கு விழுப்புரத்தில் நர்சிங் படிக்கப் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. பதினைந்து நாளுக்குள் சாதிச் சான்று கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்குத் தாசில்தாரே சான்று கொடுத்துவிடுவார். பழங்குடி என்றால் அவருக்கு மேலே இருக்கிற ஆபீஸில் விசாரணை நடத்தித்தான் கொடுப்பார்கள். அது எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அஞ்சலை குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை, அதனால் யாரிடமும் பழைய சான்றும் இல்லை.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் பியூன் வழக்கம்போல கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்து வைத்தார். அஞ்சலை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேனா கேட்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். நான் பெருமையாக அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்" என்று அவர் ஃபைலை மூடினார். ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது. மீதி ஒன்பது நாள்.

2. முதல் நாள்

பெருமுக்கல் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை. அதன் மேல் இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் இருளர்கள். சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, வயலில் எலி பிடிப்பது என்று போவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சிலேட்டுப் பெட்டியோடு நான் போய் இறங்கிய முதல் நாள், வகுப்புக்கு யாரும் வரவில்லை. அஞ்சலை மட்டும் வந்தாள். படிக்க இல்லை, என்னை அனுப்பி வைக்க.

"கூட்டம் போட்டா மேஸ்திரி நாளைக்கு வேலைக்குக் கூப்புட மாட்டாரு. ஜல்தியா முடிச்சிக்கினு கெளம்புங்க டீச்சர்."

என் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. போ என்றால் உட்காருவேன். புத்தகத்தைத் திறந்து 'படம்', 'மரம்' என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டவள், "மரம் எனக்குத் தெரியும் டீச்சர், நான் தெனம் வெட்டறதுதான். ஆஸ்பத்திரில சீட்டு எழுதிக் குடுக்கறாங்களே, எந்த ரூமுக்குப் போவணும்னு, அதைப் படிக்கச் சொல்லித் தருவீங்களா? யாரையாவது கேட்டா நாய வெரட்டற மாதிரி வெரட்டறாங்க" என்றாள்.

புத்தகத்தை மூடினேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கிற போர்டுகளையெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். அவளோடு நாலு பேர் வந்தார்கள், அப்புறம் பதினொரு பேர்.

அவளுக்கும் எனக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். கத்தி பிடித்துக் காய்த்த கை அவளுக்கு. பென்சில் முனை உடைந்துகொண்டே இருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் அவள் கையைப் பிடித்து நானே இழுத்து எழுத வைத்தேன். வெடுக்கென்று உதறினாள். "கைய வுடு டீச்சர். கோணலா இருந்தாலும் நானே எழுதறேன்." அன்றிலிருந்து 'ங்க' போய், நான் அவளுக்கு 'நீ' ஆகிவிட்டேன்.

பெயரை முழுசாக எழுத எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் எழுத்தைவிட வேறு ஒன்றைத்தான் நான் கவனித்தேன். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசல் படிக்கு வெளியிலேயே நிற்பாள். ரூம் நம்பர் படிக்கத் தெரிந்த பிறகு, உள்ளே போய் எல்லோரையும் போல பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அம்மாள் புடவையைச் சேர்த்துக்கொண்டு நகர்ந்ததும், "நல்லா ஒக்காருங்க, எடம் கீது" என்று இவள் சொன்னதை நானே பார்த்தேன்.

3. வேப்பமரத்தடி

முதல் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, ஆபீஸ் கிளார்க் ஒருவர் பின்னாலேயே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"மேடம், நான் சொன்னேன்னு வேணாம். அடுத்த தடவை அந்தம்மாவ கைநாட்டு வைக்கச் சொல்லுங்க. ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கட்டும். அய்யா சைன் பண்ணிடுவாரு. எதுக்கு பேஜாரு?"

நான் நாளை எண்ணினேன். ரோஜாவை நினைத்தேன். வேப்பமரத்தடியில் காத்திருந்த அஞ்சலையிடம் போய் அதை அப்படியே சொன்னேன். கிளார்க் சொன்னதாகச் சொல்லவில்லை, என் யோசனையாகவே சொன்னேன்.

"இந்த ஒரு தடவ மட்டும் கைநாட்டு வெச்சிடு அஞ்சல."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப எதுக்கு டீச்சர் கத்துக் குடுத்தே?"

"ரோஜாவுக்காகத்தான் சொல்றேன். சான்று கைக்கு வரட்டும், அப்பால ஊர் பூரா கையெழுத்துப் போடு."

"பாக்கலாம்" என்றாள். பஸ்ஸில் நான் பேசப் பேச ஜன்னல் வழியாகக் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெபமாலை உருட்டினால் எத்தனையாவது மணி என்று மறந்துவிடும். காபி ஆறிப்போய் ஏடு படிந்து கிடக்கும். ரோஜாவுக்கு ஒரே நாளில் மூன்று தடவை போன் செய்தேன். "அம்மா என்ன சொல்றா?" என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லல டீச்சர், வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க" என்பாள். மற்ற மையங்களின் வருகைப் பதிவேட்டை ஒரு பக்கம் கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதேதான்.

4. இரண்டாம் விசாரணை

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

"உங்க சாமி எது?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"கன்னியம்மா சார்."

"எங்க கும்புடுவீங்க?"

"மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடக்கரைக்குப் போவோம். மணல்ல ஏழு படி கட்டி, அதுல வெச்சிப் படைப்போம். எனக்குக் கல்யாணம் ஆனதே அங்கதான்."

"எலி புடிக்கத் தெரியுமா?"

"வளை பாத்தாலே உள்ள எலி கீதா, பாம்பு கீதான்னு சொல்லுவேன் சார். வாங்க, வயல்ல காட்டறேன்."

பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு காகிதத்தைத் திருப்பி வைத்தார்கள். பியூன் மை டப்பாவைத் திறந்தார். நான் அஞ்சலையைப் பார்த்து மெல்லத் தலையசைத்தேன். வை, வைத்துவிடு என்று.

அவள் காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "பழையபடியும் கையெழுத்தா?"

"கைநாட்டு வெச்சா இருளர்னு எழுதிடுவீங்களா சார்?"

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்து போட்டதால நான் இருளர் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கீழ உங்க கையெழுத்தும் போடுங்க. நான் படிச்சிப் பாத்துட்டு எடுத்துக்கினு போறேன்."

எல்லாம் கெட்டது என்று எழுந்து, "சார், அவங்க ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தேன். அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்காமல், "டீச்சர், நீ சும்மா இரு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அப்பிடிச் சொல்லலையேம்மா" என்றார் அதிகாரி.

"சொன்னீங்க சார், போன வாரம். டீச்சரும் இருந்தாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "சொன்னேனாங்க?"

அவர் மேசையில் என் மற்ற மையங்களிலிருந்து வந்த சாதிச் சான்று மனுக்கள் அடுக்காக இருந்தன. அதில் எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதரைப் பகைத்துக்கொண்டு நாளைக்கு இதே வாசலில் எப்படி வந்து நிற்பது?

"சொன்னீங்க சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளார்க் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில நானே குடியிருப்புக்கு வர்றேன்" என்றார் கடைசியில்.

சொன்னபடி வந்தார். ஏரிக்கரையில் அவர்கள் நட்டு வைத்துக் கும்பிடுகிற கன்னியம்மா கல்லைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார், அங்கேயே நின்று அறிக்கை எழுதினார். நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கடைசி நாளுக்கு முந்தைய நாள் சான்று தயார் என்று போனில் மெசேஜ் வந்தது. அஞ்சலைதான் படித்து எனக்குச் சொன்னாள்.

5. விழுப்புரம் பஸ்

கடைசி நாள் காலையில் மூன்று பேரும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். ரோஜா முன் சீட்டில், மடியில் ஃபைலோடு. நான் வாயெல்லாம் பல்லாக இருந்தேன். "பார்த்தியா, எப்பிடி ஜெயிச்சோம்!" என்று அஞ்சலையின் தோளைத் தட்டினேன்.

"ஒண்ணு சொல்றேன் டீச்சர், கோச்சிக்காத" என்றாள். "அந்த ஆபீசர் சொன்னாரே, அதுல எனக்குக் கோவந்தான் வந்திச்சி. நீ மரத்தடில சொன்னப்பதான் அழுகையா வந்திச்சி. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

என் கை அவள் தோளிலேயே நின்றுவிட்டது. ரோஜாவுக்காக, நேரம் இல்லை, ஊர் வழக்கம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது.

"தப்புதான் அஞ்சல. என்ன மன்னிச்சிடு" என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு ரோஜாவிடம், "அம்மாடி, ஃபைல இறுக்கிப் புடி" என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து, எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அது ஆறு மாதத்தில் பழகிவிடும். படித்து முடித்தவர் எழுந்து பேசும்போது நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அதைத்தான் நான் இத்தனை வருஷத்தில் பழகாமல் இருந்தேன். அந்த அதிகாரிக்கு அஞ்சலை யார் என்று தெரியாது. எட்டு மாதம் பென்சில் உடைத்து உடைத்து அவள் எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பார்த்துவிட்டும் கைநாட்டு வை என்று சொன்னேன்.