‘அண்ட்’டா, ‘பட்’டா?

லண்டனில் பால்காரன்கூட ஒரு வசனத்தை முடித்து மூச்சு விட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவான். மழை பெய்தது, அண்ட், நான் பிந்திவிட்டேன். எனக்கு அது வலு விசித்திரம். நாங்கள் அப்படியா? எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, சந்தைக்குப் போய், மீன் விற்று, சண்டையும் பிடித்து, கடைசியில்தான் ஒரு ‘வந்தனான்’ போட்டு நிறுத்துவோம். எங்கள் ஊரான ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்த சிஸ்டர், “முதல் வசனத்தை முடியுங்கோ, பிறகு ‘அண்ட்’ போட்டுக் கட்டுங்கோ” என்று தலையில் குட்டுவா. ஏறவில்லை. கலியாணம் கட்டி இங்கே வந்தும், காலை வகுப்பொன்றில் அதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாரியில் ஒரு நாள், வகுப்புக்கு வெளிக்கிடும்போது ரெலிபோன் அடித்தது. ஊர்த் தபாற்கந்தோரிலிருந்து அம்மா. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவன் தம்பி ஒருவன்தான்.

“பிள்ளை, தம்பி விடிய வலை இழுக்கப் போய், காத்திலை வள்ளம் கவிண்டு, ஆக்கள் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து...”

லைன் அறுந்தது.

தூக்கிக்கொண்டு வந்து? ஆஸ்பத்திரியில் விட்டார்களா, விறாந்தையில் கிடத்தினார்களா? எங்கள் தமிழில் உயிரும் சாவும் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. திரும்ப லைன் கிடைக்க நேரமாகும் என்றாள் ஒப்பறேற்றர். இரவு வேலை முடித்து வந்த கணவரை ரெலிபோனடியில் இருத்திவிட்டு, அதன் முன்னால் இருக்கப் பயந்து வகுப்புக்கு ஓடினேன்.

ஆளுக்கொரு கூட்டு வசனம் சொல்லச் சொன்னா ரீச்சர். என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

“மை பிறதர் வென்ற் ரு சீ...”

“அண்ட்? ஓர் பட்?”

எதைப் போடுவது? எதைப் போட்டாலும் அதற்குப் பின்னால் தம்பி நின்றான், அல்லது கிடந்தான்.

“யெஸ்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. பகிடி என்று நினைத்து ரீச்சரும் சிரித்தா. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நான் ‘அம்மா’ என்று சொல்லி முடிக்கவும் இல்லை.

“இருக்கிறான் பிள்ளை! தம்பி இருக்கிறான்!”

மிச்சக் கதை பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து அம்மா எதைச் சொன்னாலும் கடைசிச் சொல்லைத்தான் முதலில் சொல்லுவா.

அடுத்த வகுப்பில் என் வசனத்தை முடித்தேன்: “பட் ஹீ இஸ் அலைவ்.” ரீச்சர் ‘வெரி குட்’ என்றா. தம்பியோ, தேறினதும் திரும்பவும் கடலுக்குப் போய்விட்டான். வேறு தொழில் தெரியாது. இங்கே யன்னல் காற்றில் அடித்தால் போதும், நான் லண்டனில் எழும்பி, ரெலிபோனைப் பார்த்து, ஊர்காவற்றுறைக் கரையில் காத்து நின்று...