அப்பாவின் பிக்கப்பில் ஒரு மஞ்சள் முடிச்சு

கொழும்பில் லொறி, பிக்கப் என்று எது வந்தாலும் குண்டு இருக்குமோ என்று ஆமிக்காரர் மறித்துத் தட்டிப் பார்த்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒரு ஒழுங்கையில் குடியிருந்தோம். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஒரு இரும்புக்கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் பின்வளவில் அப்பாவின் பிக்கப் நின்றது. இங்கிலாந்து வண்டி. அப்பா கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தபோது, கொம்பனியிலிருந்து புத்தம் புதிதாக எடுத்தது. சனிக்கிழமைகளில் என்னையும் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடைப் பக்கம் சாமான் எடுக்கப் போவார். வண்டி திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் செம்மஞ்சள் கை வெளியே எழும்பி நிற்கும். அந்தக் காலத்துச் சிக்னல் அதுதான். அது எழும்பும்போது நானும் என் கையை நீட்டுவேன். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்து போயிற்று. வண்டி அன்றைக்கு வேறிடத்தில் நின்றதால் தப்பியது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். வண்டி என்னோடு நின்று கடற்காற்றில் கறள் பிடித்தது.

பிறகு சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய ஒரு சமயத்தில் அப்பா அங்கே காலமானார். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. நான் ஒரே மகன். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன்.

அதற்குப் பிறகுதான் அந்த வண்டியில் கை வைத்தேன். வெறுமனே ஓட வைப்பது என் எண்ணமில்லை. அப்பா கொம்பனி வாசலில் அதை எடுத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டும். டாஷ்போட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் பழைய பச்சை நிறம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைக் காட்டித்தான் பெயின்ற் கலக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். நான்கு கீறல் தலையுள்ள ஸ்குரூ ஒன்றைக்கூடப் பூட்ட விடவில்லை. அந்த வண்டி செய்த காலத்தில் ஒற்றைக் கீறல் ஸ்குரூதான்.

முகத்துவாரத்திலிருந்து வந்த தகரவேலை பாஸ் (கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தலையில் கை வைத்தார். "ஐயா, உங்களுக்கு ஓடுற வண்டி வேணுமா, இல்லாட்டி கண்ணாடிப் பெட்டியில வைக்கிற வண்டி வேணுமா? ஒண்டைச் சொல்லுங்க!"

மனைவி அதற்கு மேலே. "பாஸ், நீங்கள் அவரைக் கேக்காதேங்கோ. இந்த வண்டிக்கே தாலியைக் கட்டியிருக்கலாம் இவர். எனக்குத்தான் தெரியாமல் கட்டிப்போட்டார்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. டாஷ்போட்டில் ஒரு சின்னப் பிள்ளையார். நான் விரதம் தவறாதவன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வேலைக்குப் போகாதவன். ஆனாலும் மறுத்துவிட்டேன். "கொம்பனியில இருந்து வரேக்க பிள்ளையாரோடயா வந்தது? சாமி சாமியறையில இருக்கட்டும்" என்றேன். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வண்டியோடு வந்த கொம்பனிப் புத்தகத்துப் படத்தில், பக்கத்துச் சீற்றுக்கு அடியில் மூடி போட்ட ஒரு தகரப் பெட்டி இருந்தது, ஸ்பானர், ஜக் மாதிரிச் சாமான்கள் வைக்க. எங்கள் வண்டியில் அது உக்கி எப்போதோ விழுந்துவிட்டது. படத்தைக் காட்டி அதையும் பாஸைக் கொண்டு செய்வித்தேன். அந்தப் பெட்டிதான் என்னை மாட்டிவிட்டது.

வேலை முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவியை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் புறப்பட்டேன். அப்பா புது வண்டிக்குப் பூசை செய்வித்த அதே கோயில். காலி வீதியில் சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கொம்பனித்தெருவுக்குத் திரும்பும் இடத்தில் செக்பொயின்ற்.

மனைவியைப் பெண்கள் சோதிக்கும் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், பலகைகளைத் தட்டினான், பிறகு சீற்றைத் தூக்கினான்.

"இது என்ன பெட்டி?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கொம்பனியிலேயே வந்தது."

"நான் எத்தனை பிக்கப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் இப்படிப் பெட்டி இல்லை."

இருக்காதுதான். அவன் பிறப்பதற்கு முன்பே எல்லா வண்டிகளிலும் அது உக்கிப் போயிருக்கும். உள்ளே ஒன்றும் இல்லை, கடவுள் சத்தியமாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவன் மூடியைத் திறந்தான். ஒரு மூலையில், கம்பியால் இறுக்கிக் கட்டியபடி, ஒரு பொட்டலம்.

அவன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். துவக்குகள் என் பக்கம் திரும்பின. பின்னால் நின்ற வாகனங்களைத் துரத்தினார்கள். எனக்கு அது என்னவென்றே தெரியாது. யார் வைத்தது, பாஸா, பெயின்ற் அடித்த பையனா என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. என்னைக் கொண்டு போனால் எப்போது விடுவார்கள்? வண்டியை வெட்டிப் பிரித்துவிடுவார்கள். அப்பாவுக்கென்று நான் செய்தது இது ஒன்றுதான்.

"நீயே எடு!" என்றான் அவன்.

முருகா என்று கையை உள்ளே விட்டேன். கம்பியைக் கழற்றி அந்தப் பொட்டலத்தை வெளியே எடுத்தபோதுதான் கொட்டில் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஐயோ, அது என்ர நேத்தி! சுடாதேங்கோ, அது சாமிக்கு நேந்தது!"

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளை நோக்கியும் ஒரு துவக்கு திரும்பியது. அப்போது மீசை நரைத்த ஒரு சார்ஜன் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். அவிழ்த்துக் காட்டச் சொன்னார். மஞ்சளில் நனைத்த துணி, கொஞ்சம் திருநீறு, நடுவில் ஒரு காசு.

"கதிர்காம தெய்யோ" என்றாள், தெரிந்த சிங்களத்தில். கதிர்காமத்து முருகனைச் சிங்களவரும் அந்தப் பெயரில்தான் கும்பிடுவார்கள்.

சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். "பண்டுரு" என்றார். நேர்த்திக்காசைத் துணியில் முடிந்து வைப்பது சிங்களவரிடமும் உண்டு. அவர்கள் சொல்லும் பெயர் அது. அந்த இளைஞன் துவக்கைத் தாழ்த்தினான்.

என்ன நேர்த்தி என்று சார்ஜன் கேட்டார். அவளுக்கு அவ்வளவு சிங்களம் வராது. நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னாள்: "இந்த மனுசன் தேப்பன்ர செத்தவீட்டுக்குப் போகேலாமல் போனதில இருந்து ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, பிள்ளையளோட கதைக்கிறேல்லை. வண்டி ஓடி, இவர் பழையபடி எங்களிட்டத் திரும்பி வந்தால் கதிர்காமம் வாறன் எண்டு முடிஞ்சனான். சாமியறையில வைச்சால் கண்டு நக்கலடிப்பார். அதுதான் வண்டியிலயே வைச்சன்."

பாதிவரை சிங்களத்தில் சொன்னேன். மிச்சத்தை வண்டியைப் பார்த்தபடி சொன்னேன். என்னைப் பற்றி ஒருத்தி இப்படிக் கடவுளிடம் கேட்டிருக்கிறாள், அதை நானே ஆமிக்காரனுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

"அப்பா எங்கே செத்தார்?" என்று சார்ஜன் என்னைக் கேட்டார்.

"யாழ்ப்பாணத்தில்."

அவர் வண்டிக் கதவைக் கையால் தடவினார். "என் மகன் இப்போது அந்தப் பக்கம்தான். ஆமியில். கடிதம் வந்து நாளாகிறது" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, இரண்டு கையாலும் என் மனைவியிடம் நீட்டினார். "அம்மா, போகும்போது இதையும்."

அவள் அதை வாங்கினாள். போத்தல் தண்ணீரில் அந்தக் காசைக் கழுவினாள். திருநீற்றில் புரட்டி, எங்கள் காசோடு அதே துணியில் வைத்து முடிந்தாள். சார்ஜன் தானே சீற்றை இறக்கிவிட்டார். "இனி ஒளிக்க வேண்டாம் அம்மா, முன்னுக்கு வையுங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பிக்கப்பிலேயே கதிர்காமம் போனோம். பிள்ளைகள் பின்னால் இருந்து பாடிக்கொண்டு வந்தார்கள், நானும் சேர்ந்து பாடினேன். முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டோம். திரும்பி வந்து, சார்ஜனின் காசையும் சேர்த்துவிட்டோம் என்று சொல்லலாமென அந்தச் செக்பொயின்றுக்குப் போனேன். வேறு ஆட்கள் நின்றார்கள். அவரை மாற்றிவிட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

சார்ஜனின் அந்தப் பிள்ளை வீடு திரும்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் என் பிள்ளைகளுக்கு அர்ச்சனை செய்த பிறகு இன்னொரு சீட்டும் எடுப்பேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். சுவாமி பேருக்குச் செய்யுங்கோ என்பேன். பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காக இத்தனை வருடம் கும்பிட்டு வருவதால், என் அப்பாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் நின்று முகம் தெரியாத யாரோ அவருக்காகவும் கும்பிட்டிருப்பார்கள் என்று நம்ப என்னால் முடிகிறது.