அண்ணனைத் தேடிப் போன கடைகள்

மதுரையில் எந்தக் கடையில் ஈரல் வறுவல் நன்றாக இருக்கும், எந்த பாரில் மேசையைத் துடைக்காமலே அடுத்த ஆளை உட்கார வைப்பார்கள், எந்த ஹோட்டலில் மாடிப்படி இருட்டாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், சாயங்கால நேரங்களில், என் அண்ணனைத் தேடி வைகையின் இரண்டு கரையிலும் அந்தக் கடைகளில் ஏறி இறங்கினேன்.

எங்களுக்குப் பேரையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு மதுரையில் அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலை. செல்லூரில் வாடகைக்கு இருந்தோம்: அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், நான். பக்கத்து வீட்டில் தறி ஓடினால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். அதைத் தவிர அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளை மறுபடி திறந்த வருஷம், ஆபீஸ் நண்பர்கள் அண்ணனைக் கூட்டிப் போனார்கள். முதலில் சனிக்கிழமைகளில் மட்டும். பிறகு கிழமைக் கணக்கு போய்விட்டது. ஒரு நாள் வரும் வழியில் சாக்கடையில் விழுந்து, யார் என்று தெரியாமல் நெடுநேரம் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு, பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை என்றால் யாராவது போய்க் கூட்டி வர வேண்டும் என்று ஆயிற்று.

"நான் போயி நின்னா ஊரே சிரிக்கும். நீ டீச்சரு. உன்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார் அண்ணி.

முதலில் போனது ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மாடி. உள்ளே சிவப்பு பல்பு. மூலையில் ஒரு மீன் தொட்டி. வெள்ளை உடுப்புப் போட்ட சர்வர்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். நான் கதவைத் திறந்ததும் மொத்தப் பேச்சும் நின்றுபோனது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, கண்ணாடி டம்ளரை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தார். வழி முழுக்க எனக்கு முன்னால், விறைப்பாக, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரியே நடந்தார்.

நாளாக ஆக, கடைக்காரர்களுக்கு நான் பழகிவிட்டேன். "அண்ணன் இன்னைக்கி இங்கிட்டு வரலை டீச்சர், யானைக்கல் பக்கம் பாருங்க" என்பார்கள். யானைக்கல்லில் ஆற்றைப் பார்த்து ஒரு அசைவ ஹோட்டல் இருந்தது. முன்னால் புரோட்டாக் கல்லும் சால்னா வாசமும். பின்னால் தகரக் கூரை போட்டு பார். ஜன்னலுக்கு வெளியே வைகை. பெரும்பாலும் மணல்தான், வெளுத்த துணிகள் காயும், எருமைகள் நிற்கும்.

நல்ல மழை பெய்து ஆற்றில் தண்ணீர் போன ஒரு சாயங்காலம் அண்ணனை அங்கே பார்த்தேன். எழுந்திருக்காமல் என்னையும் உட்காரச் சொன்னார்.

"நிக்காத பாப்பா. நனைஞ்சு வந்திருக்க. இங்கன கறி தோசை நல்லாருக்கும், சாப்பிடு."

மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்தேன். தோசை வந்தது. கறியும் முட்டையும் மிளகுமாகத் தடிமனாக இருந்தது. ருசியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதி தின்ற பிறகு கேட்டேன்.

"எதுக்குண்ணே இதெல்லாம்? மனசுல என்னதான் இருக்கு? என்கிட்டயாவது சொல்லுங்க."

அண்ணன் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"துக்கம்னு ஒண்ணும் இல்ல பாப்பா. ஆபீசுல தொந்தரவு இல்ல. ஒங்க அண்ணி மேல எனக்கு என்ன குறை? பொழுது சாஞ்சா உள்ளுக்குள்ள என்னமோ போட்டுப் பிடுங்குது. அம்புட்டுத்தான். எதுக்குன்னு தெரிஞ்சா நானே விட்டுட மாட்டேனா?"

ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் அண்ணன் திரும்பி வந்துவிடுவார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த நினைப்பும் போயிற்று.

பிறகு ஒரு முறை குடியை விட்டார். புரட்டாசி முழுக்கக் கடைப் பக்கம் போகவில்லை. பொழுதோடு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார். கை நடுக்கத்தில் பாதி கீழே விழும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பொறுக்கித் தின்னும். அண்ணி தலையில் பூ வைத்துக்கொண்டார். தீபாவளி கழிந்து சில நாளில், நல்லெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று பாட்டிலோடு போனார். அவர் வராமல் போகவே நான் கிளம்பினேன். ஹோட்டல்களில் இல்லை. ஆற்று மணலில் ஓலைக் கொட்டகை போட்ட சாராயக் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பாட்டில் நிறைய எண்ணெய்.

அதற்கு மேல் மாடிப் பாரும் இல்லை, மேசையும் இல்லை. எப்போதும் அந்தக் கொட்டகைதான். அவித்த முட்டை, சுண்டல், மாங்காய் ஊறுகாய். ஆபீசில் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு நாள் மணலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், "தாயி, நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ செத்திருப்பேன். எப்பிடியும் நீ வந்துருவேன்னு தெரியும். அதான் பயமில்லாமக் குடிக்கேன்" என்றார்.

நன்றியோடுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அப்படியே சொன்னேன். அண்ணி, "அப்பன்னா போகாத. வந்தா வரட்டும், வராட்டி கிடக்கட்டும்" என்றார்.

மறுநாள் நான் போகவில்லை. வடித்து வைத்த சோறு ஆறியது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் தலையைத் தூக்கினோம். கடைசியில் ஒரு ரிக்ஷாக்காரர் அவரைத் தூக்கி வந்து போட்டார். படித்துறைப் படியில் விழுந்து மண்டை உடைந்திருந்தது. அண்ணி தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டினார். கட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. கட்டி முடித்துவிட்டு, "நாளையில இருந்து நீயே போ" என்றார். போனேன்.

கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, பெரியாஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து அண்ணன் இறந்தார். கடைசி நாட்களில் அவருக்குச் சாராய ஞாபகமே இல்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். தத்தனேரியில் எரித்தோம். கருமாதி முடிந்ததும் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேரையூருக்குத் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். நான் மாற்றல் வாங்கித் திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பிறகு ஒரு வருஷம், சாராயக் கடைகளை எல்லாம் மூட அரசாங்கம் உத்தரவு போட்டது. அடுத்து வந்த லீவில் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் முறத்தை நிறுத்தினார்.

"முன்னாடியே மூடியிருந்தா ஒங்கண்ணன் பிழைச்சிருப்பாகளோ?"

பொய் சொல்லத் தோன்றியது. முடியவில்லை. "பிராந்திக் கடை எல்லாம் தெறந்துதான் அண்ணி இருக்கு" என்றேன்.

அண்ணி முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று சொல்லிவிட்டு, உலை வைக்க உள்ளே போனார்.